அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு வருடத் துணிச்செலவு: சேலத்துக் கணக்கில் எது கட்டுப்படியாகும்?

அம்மாவுக்கோ பாட்டிக்கோ துணி எடுக்கப் போகும்போது எல்லோர் கண்ணும் சேலையின் விலைச்சீட்டில்தான் இருக்கிறது. அந்தச் சேலையை அவர் எத்தனை நாள் கட்டுவார், ஒவ்வொரு தடவையும் அதற்கு எவ்வளவு பின்செலவு, அதைக் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்க முடியுமா என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தினசரி இஸ்திரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் வருடத் துணிச்செலவில் சேலைக்குப் போவது பாதிக்கும் குறைவு என்று தெரியும். மீதி எல்லாம் ஜாக்கெட் தையல், உள்பாவாடை, உள்ளாடை, நைட்டி, இஸ்திரி.

சேலம் டவுனில் இருக்கும், தினமும் சேலை கட்டும், வீட்டு வேலை செய்யும், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணை வைத்து இங்கே கணக்குப் போட்டிருக்கிறோம். விலையும் உழைக்கும் காலமும் கணக்குக்காக எடுத்துக்கொண்ட மதிப்புகள். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம், வழி மாறாது.

நான்கு வழிகள்

முதல் வழி, முழுக்கக் கைத்தறிப் பருத்தி. 80 கவுண்ட் (நூலின் மெலிவைச் சொல்லும் எண்) நூலில் நெய்த சாதாரணச் சேலை ரூ.1,100, ஃபால் வைத்து ஓரம் அடிக்க ரூ.100, ஆக ரூ.1,200. நன்றாக வைத்துக்கொண்டால் 100 தடவை கட்டலாம் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு ரூ.12.

இரண்டாவது, விசைத்தறிப் பருத்தி. சேலை ரூ.600, ஃபால் ரூ.100. நூல் மெலிசு, நெசவு நெருக்கம் குறைவு என்பதால் 70 தடவைதான் கணக்கு. ஒரு நாளைக்கு ரூ.10.

மூன்றாவது, பூனம், ஜார்ஜெட் மாதிரியான செயற்கை இழைச் சேலை. ரூ.450, ஃபாலோடு ரூ.550. 150 தடவை தாராளமாக உழைக்கும். ஒரு நாளைக்கு நான்கு ரூபாய்கூட ஆகாது.

நான்காவது, கலந்து கட்டுவது. வருடத்தில் 220 நாள் கைத்தறிப் பருத்தி, 145 நாள் செயற்கை இழை.

எந்த வழியானாலும் மாறாத செலவு ஒன்று உண்டு: நைட்டி இரண்டு ரூ.600, உள்பாவாடை மூன்று ரூ.540, ஜாக்கெட் நான்கு துணியும் தையல் கூலியும் சேர்த்து ரூ.1,200, உள்ளாடை ரூ.600. மொத்தம் ரூ.2,940. இதைச் சேர்த்தால் வருடக் கணக்கு இப்படி வரும்: முழுக்கக் கைத்தறி ரூ.7,320, முழுக்க விசைத்தறி ரூ.6,590, முழுக்கச் செயற்கை இழை ரூ.4,280, கலந்து கட்டினால் ரூ.6,110.

விலைச்சீட்டில் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். வருடக் கணக்கில் அது ரூ.730தான், மாதத்துக்கு அறுபது ரூபாய். பருத்திதான் வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் விசைத்தறிக்கு இறங்குவதில் பெரிய மிச்சம் இல்லை. கைத்தறி துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். மலிவு விசைத்தறிச் சேலையில் கஞ்சிப்பசைதான் கனம் காட்டும். கடையில் விறைப்பாக நின்ற சேலை இரண்டு துவைப்பில் சல்லடையாகத் தெரியும். வாங்கும் முன் ஒரு ஓரத்தை விரல்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து தடவை கசக்கிப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்து துணி தொய்ந்து போனால் அந்தக் கனம் பசையுடையது.

இஸ்திரி என்னும் மறைந்த செலவு

மேலே சொன்ன கணக்கில் இஸ்திரியைச் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் தனியே வைத்தோம். இஸ்திரி வண்டியில் சேலைக்கு ரூ.15 என்றால், பருத்திச் சேலையைத் தினமும் தேய்த்துக் கட்டுபவருக்கு வருடம் ரூ.5,475 ஆகிறது. சேலைக்கு ஆவதே ரூ.4,380தான். ரூ.7,320 என்று இருந்த கைத்தறிக் கணக்கு இந்த ஒரு பழக்கத்தால் ரூ.12,795 ஆகிவிடுகிறது. "காட்டன் கட்டுப்படியாகாது" என்று சொல்லும் பல வீடுகளில் கட்டுப்படியாகாமல் இருப்பது இஸ்திரிதான்.

இதற்கு மாற்று, பழைய தலைமுறைக்குத் தெரிந்ததுதான். சோறு வடித்த கஞ்சி ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, அலசிய சேலையை முக்கி எடுக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் பருக்கை ஒட்டி, காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நிற்கும். கெட்டியாகக் கஞ்சி போட்டால் மடிப்பு ஓரத்தில் நூல் ஒடியும். பருத்திச் சேலை முதலில் கிழிவது கொசுவ மடிப்பு வரும் இடத்தில்தான், அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிழலில் காயவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலைகளைப் பிடித்து இழுத்து, உதறி, நான்காக மடித்து, படுக்கும் மெத்தைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். வீட்டில் கட்ட இதற்கு மேல் இஸ்திரி தேவையில்லை. வெளியே போக வருடத்தில் 60 தடவை மட்டும் தேய்த்தால் ரூ.900தான்.

தனியாக இருப்பவர்களுக்கு இழுத்துப் பிடிக்க இரண்டாவது ஆள் கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. 450 கிராம் பருத்திச் சேலை நனைந்தால் கிலோவைத் தாண்டும். மூட்டு வலி உள்ள கையால் அதை முறுக்கிப் பிழிவது வேதனை. அவர்கள் பிழியவே வேண்டாம். வாளியிலிருந்து எடுத்துக் குழாய்மீது பத்து நிமிடம் தொங்கவிட்டால் பாதித் தண்ணீர் தானாக வடிந்துவிடும். மெஷினில் போடுவதானால் சேலையை வலைப்பைக்குள் வைத்துப் போடுங்கள், இல்லையென்றால் மற்றத் துணிகளோடு முறுக்கிக்கொண்டு கரை கிழியும்.

சேலத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். பார் சோப்பை அதில் தேய்த்தால் நுரை வராமல் திரிதிரியாகப் படிந்து, பருத்தி சாம்பல் பூத்து முரடாகிவிடும். அதற்கு உப்புத் தண்ணீரில் பவுடர் போட்டுத் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மேட்டூர் தண்ணீரை எடுத்து வையுங்கள். சேலையின் ஆயுள் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

செயற்கை இழைக்கு எதிராக என்ன சொல்ல முடியும்?

பணத்தை மட்டும் பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. வருடத்தில் ரூ.3,000 மிச்சம், இஸ்திரி இல்லை, எடை 300 கிராம் சுற்றித்தான், கொடியில் போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தோள்பட்டை வலி உள்ளவர்கள் பூனத்தை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் அது கூடாது என்று உறுதியாகச் சொல்வோம். ஒன்று, அடுப்படி. பருத்தியும் தீப்பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. பாலியெஸ்டரோ எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும், புண் ஆழமாகும். வயதானவர்களுக்கு முந்தானை அடுப்பின் பக்கம் சரிவது சட்டென்று தெரியாது. சமைக்கும் நேரத்தில் பருத்திச் சேலை, முந்தானை இடுப்பில் செருகியபடி. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. இரண்டு, பங்குனியிலிருந்து ஆனி வரையிலான வெயில். சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் செயற்கை இழை வேர்வையை உறிஞ்சாது. இடுப்பு மடிப்பிலும் மார்புக்குக் கீழேயும் ஈரம் தங்கி அரிப்பும் படையும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது எளிதில் ஆறாது. ஒரு களிம்புக்கும் ஒரு டாக்டர் ஃபீஸுக்கும் மிச்சம் பிடித்த பணம் போய்விடும்.

இன்னொன்று, வழுக்கல். பாலியெஸ்டர் சேலையில் கொசுவம் நழுவி முன்பக்கம் தரையில் புரளும். படியில் இறங்கும்போது காலில் சிக்கினால் இடுப்பெலும்பு முறியும் வயது இது. ஃபால் வைத்தால் அடிப்பக்கம் கனம் கூடி ஓரளவு நிற்கும். செயற்கை இழைச் சேலைக்கு ஃபாலை மிச்சம் பிடிக்கக் கூடாது. பருத்திக்கு வேண்டுமானால் விட்டுவிடலாம். பருத்தி ஃபாலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஃபால் சுருங்கிச் சேலையின் அடி கோணிக்கொள்ளும்.

கலந்து கட்டும் வழியை நாங்கள் சொல்வது இதனால்தான். சமையலுக்கும் வெயில் மாதங்களுக்கும் பருத்தி, மழை நாளுக்கும் பஸ் பயணத்துக்கும் உடம்பு முடியாத நாளுக்கும் பூனம். முழுக்கக் கைத்தறியைவிட வருடம் ரூ.1,210 குறைவு, உடம்புக்கும் கெடுதல் இல்லை.

ஜாக்கெட்டில்தான் கை வைக்க வேண்டும்

சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் ரன்னிங் பிளவுஸைச் சேலைக்குச் சேலை தைத்துக்கொண்டிருந்தால் தையல் கூலி ஓயாது. அறுபதுக்கு மேல் உடம்பு வாகு வருடத்துக்கு வருடம் மாறும். ஐந்து வருடம் முன்பு தைத்த முப்பது ஜாக்கெட் பீரோவில் இருக்கும், போட முடிவது நான்கு. நல்ல டூ பை டூ ரூபியா துணியில் கறுப்பு, மெரூன், பாட்டில் பச்சை, நீலம், சந்தனம் என்று ஐந்தாறு நிறம் இருந்தால் பதினைந்து சேலைக்கு ஈடு கொடுக்கும். மீட்டர் ரூ.100, தையல் ரூ.200 என்று வைத்து, வருடத்துக்கு நான்கு புதியது போதும். லைனிங் வேண்டாம். வெக்கையும் கூலியும் இரண்டுமே கூடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் லைனிங் துணியையும் மேல்துணியையும் தனித்தனியே நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியவை: பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே விட வேண்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம். கைக்குழியை வழக்கத்தைவிட அரை அங்குலம் இறக்க வேண்டும், தோள் இறுகியவர்களால் இறுக்கமான கைக்குழிக்குள் கையை நுழைக்க முடியாது. ஊக்கு கட்டாயம் முன்பக்கம். விரல் நடுக்கமோ முடக்குவாதமோ இருந்தால் ஊக்குக்குப் பதில் டிச் பட்டன். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைக்காமல், ஒவ்வொரு வருடமும் புதிதாக அளவு எடுக்க வேண்டும். பாழாகும் ஜாக்கெட்டுகளில் பலவும் அளவு ஜாக்கெட்டை நம்பித் தைத்தவைதான்.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெல்லிய கயிறு மாதிரியான நாடாவை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் இடுப்பில் கறுத்த தடம் விழும், தோல் தடிக்கும், வெடிக்கும். அது நாள்பட்ட ஆறாத புண்ணாகி, அரிதாகத் தோல் புற்றுநோயாகவும் மாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாப்ளின் துணியில், இடுப்புப் பட்டி அகலமாக, நாடா ஒரு அங்குலம் தட்டையாக இருக்கும் பாவாடையே வேண்டும். முடிச்சை ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் நைட்டியில் இருக்கும்போது பாவாடையைத் தளர்த்தினாலே தோலுக்கு ஓய்வு. இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் என்றால் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

நைட்டி ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட ஆகாது, எந்தச் சேலையையும்விட மலிவு. அதில் ஒரே ஆபத்து நீளம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 54, 56 அங்குலம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது தரையில் புரளும். தரைக்கு மேல் மூன்று அங்குலம் நிற்கும்படி மடித்துத் தைத்த பிறகே போடவிட வேண்டும். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது இந்தப் புரளும் ஓரம் தடுக்கி விழ வைக்கும்.

எங்கே, எப்போது வாங்குவது

அன்றாடக் கைத்தறிக்குக் கோ-ஆப்டெக்ஸ் நம்பகமானது. 1935 முதல் இருக்கும் கூட்டுறவு நிறுவனம், பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி வழக்கம். வருடத்துக்கு வேண்டிய பருத்திச் சேலையைத் தீபாவளித் தள்ளுபடியில் ஒரே தடவையில் எடுத்துவிட்டால் ரூ.1,100 சேலை ரூ.770 ஆகிறது, நாள் கணக்கு ரூ.12இலிருந்து ஒன்பது ரூபாய்க்குக் கீழே இறங்குகிறது. அதாவது தள்ளுபடி விலைக் கைத்தறி, முழு விலை விசைத்தறியைவிட மலிவு. வெளிக்கடையில் கைத்தறி என்று சொல்லி விற்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆடித் தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் தேங்கிய சரக்கு. அன்றாடச் சேலைக்கு அது தப்பில்லை. ஆனால் சேலையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்காமல் பில் போடக் கூடாது. அலமாரியில் நாள்பட்ட சேலையில் மடிப்புக் கோடு நிறம் வெளுத்திருக்கும், சில சமயம் நூலே இற்றிருக்கும்.

கல்யாணம் காட்சிக்கு இளம்பிள்ளை. விசைத்தறிச் சேலைக்குப் பேர் போன ஊர், மொத்த விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும். அங்கே "சாஃப்ட் சில்க்" என்று கேட்டால் கைக்கு வருவதில் பெரும்பகுதி செயற்கைப் பட்டு, அதைத் தெரிந்தே வாங்கினால் நல்ல பொருள்தான். சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும்.

புதிதாகக் கனமான பட்டு எடுப்பது அறுபதுக்கு மேல் தேவையா என்றால், தேவையில்லை என்பதே எங்கள் எண்ணம். ரூ.10,000 பட்டை வருடம் நான்கு தடவை, இருபது வருடம் கட்டினாலும் ஒரு தடவைக்கு ரூ.125. முக்கால் கிலோ எடையை நாள் முழுக்கத் தோளில் சுமக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே இருக்கும் பட்டுச் சேலைகளின் பராமரிப்புக்குக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வைத்தால் போதும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. கஞ்சி போட்ட பருத்தியை மாதக்கணக்கில் உள்ளே வைத்தால் இராமபாணப் பூச்சி அரிக்கும், அதனால் எடுத்து வைக்கும் சேலைக்குக் கஞ்சி வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வயதாகிவிட்டது, கணவர் இல்லை என்று சொல்லி அம்மாவுக்கு மங்கிய சாம்பலும் வெள்ளையுமே எடுத்து வரும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவருக்கு எந்த நிறம் வேண்டும் என்று அவரையே கேளுங்கள், முடிந்தால் கடைக்கே அழைத்துப் போங்கள். பிடிக்காத சேலை பீரோவிலேயே கிடக்கும். மூன்று தடவை மட்டுமே கட்டிய ரூ.1,200 சேலை ஒரு நாளைக்கு ரூ.400. இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய துணி அதுதான். அடர்ந்த நிறமாக எடுத்தால் முதல் இரண்டு துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில். கல் உப்பு அந்தத் துவைப்பில் சாயம் இறங்குவதைக் கொஞ்சம் குறைக்கலாம், சாயத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் இந்தக் கணக்குத் தலைகீழ்

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் பருத்திச் சேலை இரண்டு நாளானாலும் காயாது. அரை ஈரத்தில் மடித்தால் வாடையும், பிறகு கரும்புள்ளிப் பூஞ்சையும் வரும். அந்தப் புள்ளி ஏறிய பிறகு முழுதாகப் போகாது. அங்கே 220க்கு 145 என்பதைத் திருப்பிப் போடலாம்: செயற்கை இழையோ கலப்பு இழையோ 220 நாள், பருத்தி 145 நாள். ஜூன் முதல் டிசம்பர் வரை கஞ்சியே வேண்டாம். சேலைச் செலவு இதனால் அறுநூறு ரூபாய் சொச்சம் குறையும், அதில் பெரும்பகுதி ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் போகும். ரூ.700 ஸ்வெட்டர் மூன்று வருடம், ரூ.800 சால்வை நான்கு வருடம் என்றால் வருடத்துக்கு ரூ.430 சொச்சம். விறகடுப்பு உள்ள வீட்டில் அக்ரிலிக் ஸ்வெட்டர் எடுக்காதீர்கள், பொறி பட்ட இடத்தில் உருகும். முன்பக்கம் பட்டன் வைத்ததாக எடுங்கள். தலைவழியாகப் போடுவது வயதானவர்களுக்குச் சிரமம்.

கையில் காசு குறைவாக இருந்தால்

முதியோர் உதவித்தொகை மாதம் ரூ.1,200 என்று வைத்தால் வருடம் ரூ.14,400. அதில் பத்தில் ஒரு பங்கு துணிக்கு என்றால் ரூ.1,440. இந்தப் பணத்தில் சேலையே எடுக்க வேண்டாம். பொங்கலுக்கு அரசின் விலையில்லாச் சேலை வருகிறது, 1983 முதல் நடக்கும் திட்டம் அது. உறவுக்காரர்கள் விசேஷத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் சேலையைத்தான். யாரும் எடுத்துத் தராதவை மூன்று பாவாடையும் உள்ளாடையும். அவற்றுக்கு ரூ.1,140 போகும். மீதி ரூ.300இல் சரியான அளவில் ஒரு ரூபியா ஜாக்கெட். பணம் அதோடு முடிந்துவிடுகிறது, நைட்டிக்கு மிச்சமில்லை. தீபாவளிக்கு அந்த வீட்டுப் பெரியவருக்கு ஏதாவது எடுத்துக் கொடுக்க நினைப்பவர்கள் இன்னொரு சேலைக்குப் பதில் நீளம் சரிசெய்த இரண்டு காட்டன் நைட்டியைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அவரை டெய்லரிடம் அழைத்துப்போய் அளவெடுத்து இரண்டு ஜாக்கெட்டுக்குக் கூலி கட்டிவிட்டு வரலாம்.